எதற்காகக் கை தூக்குவது?

(வாலிபர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் ஞானம் வேண்டுமா என்பதைப் பற்றி நம்மைப் பேசச் சொன்னார்கள். வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. அதை யார் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் சங்கடமிருக்கிறது. அமெரிக்காவிலே யுத்தத்திற்குப் போய்த் திரும்பிய சிப்பாய்கள் இந்த வேலையை ஏறக்குறைய தொண்ணூறு வருஷமாகச் செய்து வருகிறார்கள். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. காறித் துப்ப வேண்டியதும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1919-ல், பாரிஸ் நகரத்தில் கூடிய அமெரிக்கச் சிப்பாய்கள் "அமெரிக்கன் லீஜியன்" என்ற சங்கத்திற்கு அஸ்திவாரம் போட்டார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த ஹேஸ் கென்னடி, ஹரால்டு கார்டு என்ற இருவர் 1935-ல் இல்லினாய் மாகாணத்தில் "பாய்ஸ் ஸ்டேட்", அதாவது பையன்கள் ராஜ்யம் என்ற முகாமை ஆரம்பித்தார்கள். அது எப்படிப்பட்ட காலம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஹிட்லரும் முசோலினியும் பையன்களுக்கு ஒரே நிறச் சட்டை மாட்டி அணிவகுக்க வைத்திருந்த காலம். அமெரிக்காவிலும் சில பாசிஸ்டுக் கூட்டத்தார் முகாம் நடத்தி, ஜனநாயகத்திற்கு வயதாகிவிட்டது என்று சிறுபிள்ளைகளின் காதில் ஓதி வந்தார்கள். அதற்கு மாற்று மருந்தாகவே இந்த முகாம் தோன்றிற்று.

முகாமில் நடப்பதென்ன? ஹைஸ்கூல் கடைசி வகுப்புக்குப் போகப்போகும் பையன்களை ஏறக்குறைய ஒரு வாரத்திற்கு ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். அவர்களை ஊர் ஊராகப் பிரித்து, பெடரலிஸ்டு என்றும் நேஷனலிஸ்டு என்றும் இரண்டு கட்சிகளாக்குகிறார்கள். இன்ன பையன் இன்ன கட்சி என்பதற்கு அவன் தகப்பனுடைய கட்சி கணக்கில்லை, பணமும் கணக்கில்லை. கொள்கை என்ன என்பதையும் பையன்களே கூடிப் பேசி எழுத வேண்டும். பிறகு மேயர் முதல் கவர்னர் வரை அவர்களே நிற்கிறார்கள், அவர்களே ஓட்டுப் போடுகிறார்கள். மசோதா கொண்டுவந்து, வாதாடி, நிறைவேற்றுகிறார்கள் அல்லது தோற்கடிக்கிறார்கள். 2017-ல் டெக்ஸாஸ் மாகாணத்து முகாமில் அமெரிக்க ஐக்கியத்தை விட்டே பிரிந்துபோவதென்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்! பிள்ளைகள் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அப்படியும் நடக்கும், நடக்கட்டும். தப்பாக ஓட்டுப் போட்டுப் பார்க்காதவனுக்கு ஓட்டின் அருமை எங்கிருந்து தெரியும்?

பெண்களுக்கு? இரண்டு வருஷம் கழித்து, 1937-ல், சிப்பாய்களின் மனைவிமார், சகோதரிகள், புத்திரிகள் சேர்ந்த துணைச் சங்கம்தான் பெண்களுக்கென்று வேறாக ஆரம்பித்தது. ஆணுக்குப் பின்னால்தான் பெண் என்ற வழக்கம் கடல் தாண்டியும் இருக்கிறது பாருங்கள்.

1946 முதல், ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் பொறுக்கியெடுத்த பையன்கள் தலைநகரமான வாஷிங்டனில் கூடி வருகிறார்கள். 1963-ல் அப்படிக் கூடிய பையன்கள், நிற வேற்றுமை ஒழிய வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். அதே சமயம் மியாமி நகரத்தில் கூடிய நிஜக் கவர்னர்கள் அந்த விஷயத்தைத் தொடவே பயந்து நழுவிவிட்டார்கள். ஜனாதிபதி கென்னடி அந்தப் பையன்களைத் தம் மாளிகைத் தோட்டத்தில் வரவேற்று, சில விதத்தில் கவர்னர்களை நீங்கள் முந்திவிட்டீர்கள் என்ற கருத்துப்படப் பேசினார். அன்று அவரோடு கை குலுக்கிய பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் ஜனாதிபதியான பில் கிளின்டன். அவர் ஜனாதிபதியானதைவிட அந்தத் தீர்மானமே நமக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனெனில், தென் மாகாணங்களில் கருப்பு நிறச் சிப்பாய்களைச் சேர்க்க மறுத்தும், சேர்த்தால் தனிக் கிளையாக ஒதுக்கியும் வைத்த லீஜியன் சங்கம் கூட்டிய முகாம் அது. ஒரே யுத்தத்தில் ஒரே குண்டுக்கு மார்பு காட்டியவர்களுக்குத் திரும்பி வந்த இடத்தில் தனிக் கொட்டகை! பெரியவர்களுக்கு உறைக்காதது பையன்களுக்கு உறைத்தது.

நிற்க. இனித்தான் கசப்பான சங்கதி. இதே லீஜியன் சங்கம் 1923-ல் மாநாடு கூட்டி, கொடியை எப்படி வணங்குவது என்று விதிகள் வகுத்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கொடிக்கு நேராகக் கையை நீட்டி விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். அந்தக் கை நீட்டல் ஹிட்லர் சலாமைப் போலவே இருந்ததால், 1942-ல் வெட்கப்பட்டு, மார்பில் கை வைப்பதாக மாற்றிக்கொண்டார்கள்!

பையன்கள் ராஜ்யம் பிறந்த அதே 1935-ல், பென்ஸில்வேனியாவில் பன்னிரண்டு வயது அக்காளையும் பத்து வயதுத் தம்பியையும் கொடி வணங்காத குற்றத்திற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தினார்கள். அவர்கள் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கொடியை வணங்குவது விக்கிரக ஆராதனை என்பது அவர்கள் வாதம். 1940-ல் சுப்ரீம் கோர்ட்டு எட்டுக்கு ஒன்றாக, துரத்தியது சரியென்றது. உடனே ஊர் ஊராகக் காலித்தனம் கிளம்பிற்று. மேற்கு வர்ஜினியாவில் ரிச்வுட் என்ற ஊரில் லீஜியன் அங்கத்தினர்கள் அந்த மதத்தார் சிலரைப் பிடித்து, விளக்கெண்ணெயைப் பலவந்தமாகக் குடிக்க வைத்து, கயிற்றால் கட்டி ஊரை விட்டு ஓட்டினார்கள். ஜனநாயகம் கற்பிக்கிற சங்கத்தாரின் கை செய்த வேலை இது! 1943 ஜூன் 14-ந் தேதி அதே கோர்ட்டு ஆறுக்கு மூன்றாகத் தன் தீர்ப்பையே புரட்டி, எவரையும் பலவந்தமாக வணங்கச் செய்ய சர்க்காருக்கு அதிகாரமில்லை என்றது. சரியாகப் பதினோரு வருஷம் கழித்து, 1954-ல் அதே தேதியில், அந்தப் பிரமாணத்தில் கடவுளையும் நுழைத்துச் சட்டம் செய்தார்கள்.

யெகோவாவும் பைபிளும் நமக்கு ஆகாத சரக்கு என்பது நீங்கள் அறிந்ததே. அந்தப் பிள்ளைகள் சொன்ன காரணம் நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் வணங்கமாட்டேன் என்று நின்ற பத்து வயதுப் பையன் பக்கத்தில்தான் நாம் நிற்போம். நம்முடைய காரணம் சரியாயிருக்கும்போது மட்டும் வணங்காதிருக்கும் உரிமை வேண்டுமென்றால், அதற்குச் சுயமரியாதை என்று பெயரா?

அந்த 1943-ம் வருஷத் தீர்ப்பு நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. 1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும், வாய் திறந்து பாடவில்லை என்பதற்காக வெளியேற்றப்பட்டார்கள். 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, அப்பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவு செய்தார்.

ஆகவே, இந்தச் சங்கத்தாருக்கு ஒரு யோசனை சொல்லுகிறோம். வருகிற கோடை விடுமுறையில் இவ்வூர்ப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வார காலம் இப்படியொரு முகாம் நடத்திப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஒரே முகாமில், ஒரே பந்தியில் இருக்கட்டும். சீட்டுப் போட்டுக் கட்சி பிரியுங்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தக் கட்சி என்பது சீட்டுக்கே தெரியாது. தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெரியவர்கள் நாம் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். நம் கொள்கைக்கு விரோதமாக ஒரு தீர்மானம் நிறைவேறினாலும் குறுக்கே விழக்கூடாது. செலவு, சாப்பாட்டுக்கு அரிசி பருப்பும் ஒரு கொட்டகையும்தான். கொட்டகையைத் தருவதாக இங்கே முன்வரிசையில் இருக்கும் தோழர் ஒருவர் இப்போதே தலையசைக்கிறார்.