முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால்

நம் பெரியவர்கள் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைத்த ஊர், 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெயர் மாறினாலும் அதன் கடற்காற்று மாறவில்லை. அந்த உப்புக் காற்றும் தோட்டத்துச் சேறும் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் குழாயைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, ரப்பர் சீலை அறுக்கிறது, எண்ணெய் கசிகிறது.

கொஞ்சம் எண்ணெய்தானே என்று விட்டுவிடலாமா? கூடாது. அது வழிந்து முன் பிரேக்கில் பட்டால், பிரேக் சரியாகப் பிடிக்காது. பின்னால் அமர்ந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

முதலில் குழாயைத் துடையுங்கள். பழைய படச்சுருள் துண்டைச் சீலின் இதழுக்கடியில் விட்டுச் சுற்றி, மண்ணை எடுங்கள். அதோடு கசிவு நின்றால் செலவில்லை. நிற்காவிட்டால் சீலை மாற்றவேண்டும்.

மேல் மூடியை மெல்லத் திருகுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது, முகத்தை விலக்கி வையுங்கள். ஃபோர்க்கைக் கழற்றியதும் குழாயை நகத்தால் தடவுங்கள். நகம் இடறினால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பள்ளம் ஆழமானால் குழாயையே மாற்றுங்கள். இல்லையேல் புதுச் சீலும் கிழியும்.

புதுச் சீலில் எண்ணெய் தடவி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க, கோணாமல் இறக்குங்கள். இரு பக்கமும் மாற்றுவதே நல்லது. வண்டிப் புத்தகம் சொல்லும் அளவு எண்ணெயை இரண்டிலும் சமமாக ஊற்றுங்கள். எண்ணெய் ஊறிய பிரேக் கட்டையை மீண்டும் போடாதீர்கள்.

வாரம் ஒருமுறை குழாயை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால், சீல் நீடித்து உழைக்கும்.