மாசுக்குச் சட்டம் வைக்கும் விலை



சுற்றுச்சூழல் சட்டம் இயற்றாத வல்லரசு இன்று எதுவும் இல்லை. ஆயினும் அச்சட்டங்களின் வலிமை, மாசுபடுத்துவதற்கு அவை என்ன விலை வைக்கின்றன, அந்த விலையைக் கேட்டு நீதிமன்றப் படியேறும் உரிமையை யாருக்குத் தருகின்றன என்னும் இரண்டையும் பொறுத்தே அமைகிறது.

ஜப்பான் 1967இல் இயற்றிய மாசுக் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டத்தில், வாழ்சூழலைக் காப்பது பொருளாதார வளர்ச்சியோடு இசைந்திருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. மினமாட்டாவில் பாதரசமும் யொக்காய்ச்சியில் கந்தகப் புகையும் மனித உடல்களைச் சிதைத்த பின்னரும் அவ்விதி தொழிற்சாலைகளுக்கே அரணாக நின்றதால், 1970 இறுதியில் கூடிய நாடாளுமன்றம் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியபோது அதை அடியோடு நீக்கியது. அதே ஆண்டில் அமெரிக்கா நிறைவேற்றிய தூய காற்றுச் சட்டம், அரசு வாளாவிருந்தால் பொதுமக்களே வழக்குத் தொடுக்க இடமளித்தது.

சீனாவில், அபராதத்தைக் கட்டிவிட்டுக் கழிவைத் திறந்துவிடுவது சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குவதைவிடப் பல ஆலைகளுக்கு மலிவாக இருந்தது. 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இக்கணக்கைப் புரட்டியது: குறையைத் திருத்துமாறு ஆணையிட்ட மறுநாள் தொடங்கி, முதலில் விதித்த தொகையையே நாள்தோறும் விதிக்கலாம் என்பதால், ஒரு லட்சம் யுவான் அபராதம் பெற்ற ஆலை முப்பது நாள் இழுத்தடித்தால் மேலும் முப்பது லட்சம் யுவான் செலுத்த நேரிடும். ஆனால் பொதுநல வழக்குத் தொடுக்கும் உரிமையை 58ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கும் மேலாகச் சுற்றுச்சூழல் பணியாற்றிய, பதிவுபெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே தந்தது.

இந்தியாவில் அந்த உரிமை விரிவானது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை, அதாவது பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டோடு கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் அவரையே சாரும் என்பதை, நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

எனினும், கழிவுநீர்க் குழாயின் வாயில் எடுத்த மாதிரி பொய்த்தால் எந்தப் பிரிவும் பயன்படாது. இன்று பட்டம் பெறுவோருள் சிலர் நாளை அந்த மாதிரியைச் சோதித்துக் கையொப்பமிடுவர். சிலர் ஆலை நிர்வாகத்தில் அமர்ந்து, அபராதம் மலிவா சுத்திகரிப்பு மலிவா என்று கணக்கிடுமாறு பணிக்கப்படுவர். ஆற்றை மீட்கும் செலவையும் அக்கணக்கில் விடாமல் சேர்த்து எழுதுவோரே கற்ற கல்விக்குப் பெருமை சேர்ப்பர். அத்தகையோராய் அனைவரும் விளங்க நல்வாழ்த்துகள்.