மந்த காலமும் தினத் தண்டலும்



நாட்டில் மந்தம் வந்தால் முதலில் அறிகிறவர்கள் நாம்தான். வெயில் ஏறிய பிறகும் கலூர் சந்திப்பில் தூக்குவாளியோடு கூப்பிட ஆளின்றி நிற்கிறோமே, அதுதான் நமக்குப் பொருளாதார அறிக்கை. 2016 நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாதென்றபோது அப்படித்தான் நின்றோம். 2020 ஊரடங்கில் நிற்கவும் வழியில்லை; ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தியே ஏறத்தாழ கால் பங்கு விழுந்தது.

தண்டல்காரர் வாசலுக்கு வருவது அந்த நாளில்தான். அவர் கணக்கைப் பார்ப்போம். பேருக்கு 10,000 ரூபாய், பிடித்தம் 1,500, கையில் 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘வட்டி 15தானே’ என்பார். ஆனால் மறுநாள் முதலே அசலைத் திருப்பிக் கொடுக்கிறோம்; சராசரியாகப் பாதிப் பணம்தான் நம்மிடம் இருக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி நூற்றுக்கு 120! ஊர்க்காரர், மாமன் முறை என்றாலும் கணக்கு இதுவே.

கொள்ளை வட்டிக்கு எதிராகக் கேரளத்தில் 2012-லேயே சட்டம் வந்தது. 2014-இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்று போலீஸ் சோதனையும் நடந்தது. வேலையற்ற நாளுக்குச் சோறு யார் போட்டார்கள்? சிக்கனமாக இருங்கள் என்கிறார்கள். எதைக் குறைப்பது, அரிசியையா?

வெளிமாநிலத் தொழிலாளர் நலத்திட்டம் இங்கே 2010 முதல் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் சேர்ந்தோம்? ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள், கூடி உட்கார்ந்து படிவம் நிரப்புவோம். தண்டல் அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.