வண்டி நம்முடையது, சாவி எவருடையது?

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மோட்டார் வண்டியைப் பற்றி ஒரு சட்டத்தரணி என்ன பேசப்போகிறார் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நீதிமன்றத்துக்கு அடுத்தபடியாக என் காலத்தை விழுங்கியது பழைய கார்தான் என்பதை என் வீட்டார் நன்கறிவர். ஆயினும் என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச நான் வரவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவனுக்குள்ள உரிமை நம் கண்முன்னே தேய்ந்து வருகின்றது. அதைப் பற்றிப் பேசவே வந்தேன்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர். பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின. அவையும் ஒஸ்ரின் கார்களும் யாழ்ப்பாணத் தெருக்களில் எத்தனை காலம் ஓடின என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையினால் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. நம் மெக்கானிக்குகள் கைகட்டி இருந்தனரா? சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கினர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளியை ஆசுபத்திரிக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் கொண்டுசென்றவை அந்தக் கார்களே. அப்புகையின் மணத்தோடு வளர்ந்த சிறுவர்களுள் நானும் ஒருவன். இங்கிலாந்துக் கொம்பனியிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. மூடியைத் திறந்தால் எஞ்சினின் இரகசியம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

பழைய காரை நேசிக்கிறேன் என்பதற்காக அதன் குறையை மறைக்கமாட்டேன். மோதினால் அதன் சுக்கான் தண்டு சாரதியின் நெஞ்சைத் தாக்கும். ஆசனப்பட்டி இன்றியே அது பிறந்தது. கார்களின் அமைப்பிலேயே ஆபத்து இருக்கின்றது என்று 1965இல் நூலெழுதியவர் றால்ப் நேடர் என்ற அமெரிக்கச் சட்டத்தரணி. மறு ஆண்டே அந்நாடு வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இன்றைய காரில் உயிர்காக்கும் காற்றுப்பை உண்டு, புகையும் குறைவு. இந்த நன்மைகளிற் பலவற்றைத் தந்தது கணினி. அதை நான் மறுக்கவில்லை.

நான்கு நாள் மழை

அப்படியானால் என் முறைப்பாடு யாது? கிளிநொச்சி விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். தவணைக் கடனில் நெல் வெட்டும் யந்திரம் வாங்கியவர். காலபோக அறுவடையின் நடுவே யந்திரம் நின்றுவிட்டது. ஊர் மெக்கானிக் ஒரு மணி நேரத்திற் பழுதைக் கண்டுபிடித்தார். கெட்டுப்போன சிறு உணர்கருவியையும் மாற்றினார். யந்திரம் அசையவில்லை. விற்பனை முகவரின் ஆள் வந்து, தம் கணினியைப் பொருத்தி, இரகசியக் குறியீட்டைக் கொடுத்தாலன்றிப் புதிய பாகத்தை அது ஏற்காதாம்! அந்த ஆள் வர நான்கு நாள் சென்றது. அதற்குள் மழை வந்தது. விளைந்த நெல் வயலிற் சாய்ந்து முளைத்தது. தவணைப் பணம் மட்டும் தவறாது கட்ட வேண்டியதாயிற்று.

ஒப்பந்தப் பத்திரத்தை நான் இருமுறை படித்தேன். குறியீட்டைத் தரவேண்டும் என்று ஒரு வரிதானும் அதில் இல்லை. ஒரு கடிதம் எழுதுவதற்கு மேல் அவருக்காக என்னால் ஒன்றுஞ் செய்ய முடியவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியன்று. ஜோன் டியர் உழவு யந்திரங்களின் பழுதுபார்க்கும் மென்பொருளைக் குறித்து அமெரிக்க விவசாயிகள் பல்லாண்டு போராடினர். உரிமையாளருக்குக் கையேடும் கருவியும் உதிரிப்பாகமும் தரவேண்டுமென்று 2023இல் கொலறாடோ மாநிலம் விவசாய யந்திரங்களுக்கென்றே சட்டம் செய்தது. 2025 சனவரியில் அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அக்கொம்பனிமீது வழக்குத் தொடுத்தது. கொம்பனி குற்றச்சாட்டை மறுத்தது. கார்களுக்கோ, 2012இலேயே மசாசூசெற்ஸ் மாநில வாக்காளர் பெருவாரியாக வாக்களித்து இவ்வுரிமையை நிலைநாட்டினர். ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே சுயாதீனக் கராஜ்களுக்குப் பழுதுபார்க்கும் விபரங்களைத் தரவேண்டுமென விதித்தது.

பாதுகாப்பு என்னும் வாதம்

அறியாதவர் கைவைத்தால் ஆபத்து என்று கொம்பனிகள் வாதிக்கின்றன. மின்சாரக் காரின் பற்றறி ஆளைக் கொல்லவல்லது என்பது மெய்யே. ஆனால் ஆபத்தான தொழிலுக்குப் பரிகாரம் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் ஆகும். ஏகபோகம் ஒருநாளும் பரிகாரமாகாது. பூட்டிய மென்பொருளுக்குள் எப்போதும் நன்மையே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் உண்டா? 2015இல் வொக்ஸ்வாகன் கொம்பனியின் சூது வெளிப்பட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக்காட்டும் மென்பொருள், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வண்டிகளில் இருந்தது. பணங்கொடுத்து வாங்கியவர்கள் அதை அறியார்.

நம் தொழிலாளர் புதுமைக்கு அஞ்சுபவர்களுமல்லர். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டும் நாட்டின் வண்டிகளை ஓடவைத்தவர் யார்? கராஜ்களில் எண்ணெய்க் கையோடு நின்றவர்களே. கலப்பினக் காரின் பற்றறியைத் திறந்து, பழுதான கலங்களை மாத்திரம் மாற்றும் வித்தையையும் அவர்கள் கற்றுக்கொண்டனர்.

நாம் கேட்பவை

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள்முன் வைக்கின்றேன். ஒன்று, இந்நாட்டில் வாகனமோ விவசாய யந்திரமோ விற்பவர் அதன் பழுதுபார்க்கும் கையேட்டையும் கருவியையும் குறியீட்டையும் நியாய விலைக்குத் தரவேண்டும். இரண்டு, அந்தக் கையேடு தமிழிலும் இருக்கவேண்டும். படிக்க முடியாத மொழியிலுள்ள கையேடும் ஒரு பூட்டே. மூன்று, நம் தொழில்நுட்பக் கல்லூரிகள் மின்சார வாகனப் பயிற்சியை நம் இளைஞருக்குத் தமிழில் அளிக்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நம் கையில் உண்டு. அதன்வழி தெளிவான விதிகளைக் கோருவோம். போதாதெனிற் புதுச்சட்டம் கேட்போம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விவசாயச் சங்கங்கள் தனித்தனியே பேரம் பேசாது ஒன்றாய்ச் சென்று, “இதை எங்கள் ஊரிற் பழுதுபார்க்க விடுவீர்களா?” என்று கேட்கட்டும். விடையை எழுத்திற் பெற்றபின் கையொப்பம் இடுங்கள். அன்று என்னிடம் வந்த விவசாயியின் பத்திரத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், கடிதத்தோடு நான் நின்றிருக்கமாட்டேன், நீதிமன்றப் படியேறியிருப்பேன்.