வழுக்கும் தரையும் பற்றும் காலணியும்



ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேற்கு மலையில் மழை பெய்துவிட்டால், இராஜபாளையத்து ஐயனார் கோயில் ஆற்றிலும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு ஓடைகளிலும் புதுநீர் பெருகும். விடுமுறை நாளில் இளைஞர்கள் அங்கே திரள்வர். அங்குள்ள பாறையில் காலூன்றுவது பற்றியே இன்று பேச விழைகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துச் சென்றேன். "பார்த்து நடங்கள்" என்று அவர்களை எச்சரித்துக்கொண்டே சென்ற நான், அடி தேய்ந்த தோற்செருப்புடன் பாசிப் பாறையில் கால் வைத்தேன். அடுத்த கணம் கீழே கிடந்தேன், இடக்கை முறிந்தது. வெறுங்காலுடன் வந்த மாணவன் ஒருவன்தான் என்னைத் தூக்கி நிறுத்தினான்.

அவன் பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, லடாக்கின் பனிமலைகளில் பணியாற்றினான். ஒருமுறை விடுப்பில் வந்தபோது, பூட்ஸின் அடியில் கட்டும் இரும்புப் பற்களைப் பற்றிச் சொன்னான். கிராம்பான் என்பது அதன் பெயர். "அதனைக் கட்டிக்கொண்டு நம் ஓடைப் பாறையில் ஏறலாமா?" என்று கேட்டேன். "ஏறினால் மற்றக் கையும் முறியும், ஐயா" என்றான்!

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் உண்டு என்று மைக்கேல் பாரடே 1850ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். அப்படலத்தின் மீது வழவழப்பான அடி வழுக்கும். கூரிய பற்களோ, உடலின் எடை முழுவதையும் சில முனைகளில் குவித்துப் பனிக்கட்டிக்குள் இறங்கிவிடும். ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்பார் 1908இல் பத்துப் பற்கள் கொண்ட கிராம்பானை வடிவமைத்தார்.

பனிநாட்டுக்குப் படிக்கச் செல்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். சமமான தெருவில் நடக்க, காலணியின் மேல் மாட்டும் சிறு குமிழ்களோ சங்கிலியோ போதும். செங்குத்தான பனிச்சரிவுக்கே நீண்ட பற்கள் வேண்டும். அவற்றுக்கு வளையாத, கெட்டியான அடியுள்ள பூட்ஸும் வேண்டும். எதுவாயினும் காலணியில் ஆடாமல் பொருந்த வேண்டும். கல் தளத்தை அடைந்தவுடன் கழற்றிவிட வேண்டும்.

ஏனெனில், கடினமான பாறைக்குள் இரும்பு இறங்காது. லாடம் கட்டிய மாடு நனைந்த கல்தளத்தில் சறுக்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். பாறைக்கு ஏற்றது ரப்பர். அது மென்மையாதலால் பாறையின் மேடுபள்ளங்களில் படிந்து பற்றும்; அதன் பள்ள வரிகள் நீரை வெளியேற்றும். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் நண்பர் அறுவரை இழந்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, தக்க காலணி இல்லாமையே அதற்கு ஒரு காரணம் எனக் கருதினார். 1937இல் ஆழ்ந்த வரிகளுள்ள ரப்பர் அடியை உருவாக்கினார்.

ஆனால் பாசியின் முன் ரப்பரும் தோற்கும். அடிக்கும் பாறைக்கும் நடுவே பாசி வழுக்குத் திரையாகிவிடுகிறது. ஆகவே வரி தேய்ந்த செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பசுமையாகவோ கறுத்தோ மின்னும் பாறையை மிதியாதீர்கள். ஒவ்வோர் அடியையும் கோலால் சோதியுங்கள். நீர் திடீரெனக் கலங்கினால், மலைமேல் மழை என்று உணர்ந்து உடனே கரையேறுங்கள்.

முதலில் தரையை அறியுங்கள்; பிறகு காலணியைத் தேர்ந்தெடுங்கள். கையை முறித்துக்கொண்டு நான் கற்ற பாடத்தை, நீங்கள் காதால் கேட்டே கற்றுக்கொள்ளலாம் அல்லவா?