கிரைண்டர் வைப்பதற்கு முன்

(கோவையில் ஆசிரியர்களிடையே தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழும் கணக்கும் நடத்துகிற நமக்கு வெல்டிங் எதற்கு என்ற கேள்வி சிலர் முகத்தில் தெரிகிறது. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் பள்ளிகளில் இருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே சில பிள்ளைகளின் வீட்டு வாசலே பட்டறைதான். தகரக் கூரை, ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கிரைண்டர். அப்பா கேட் செய்துகொண்டிருப்பார். பள்ளி விட்டு வந்த பையன் பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நிற்பான்.

இது நேற்று வந்த தொழில் இல்லை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். பம்புசெட், கிரைண்டர், மில் உதிரிப் பாகம் என்று பட்டறைகள் பெருகின. இன்று கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. இவை எல்லாமே ஒரு வெல்டரின் கையை நம்பித்தான் ஓடுகின்றன.

நான் பேச வந்தது சின்ன விஷயம். வெல்டிங் சரியாக விழவில்லை என்றால் வீட்டுப் பட்டறையில் முதலில் கை போவது கிரைண்டருக்கு. மேடு பள்ளத்தைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் உள்ளே ஒட்டாத இடம் ஒட்டாமலேதான் இருக்கும். அது கேட்டாக இருந்தால் கீல் கழன்று தொங்கும். பள்ளி விளையாட்டுத் திடல் ஊஞ்சலாக இருந்தால்? தேய்த்தபோது இன்னொன்றும் போய்விட்டது. ஏன் ஒட்டவில்லை என்பதற்கான தடயம் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

வெல்டிங் விழுந்த கோட்டைப் பட்டறையில் பீட் என்பார்கள். கசடைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். கயிறு மாதிரி மேலே குவிந்து நிற்கிறதா? ஆம்பியர் குறைவு. ராடு அடிக்கடி ஒட்டிக்கொண்டும் இருந்திருக்கும். கோடு தட்டையாகி, இரண்டு ஓரத்திலும் இரும்பு அரித்த மாதிரி பள்ளமா? ஆம்பியர் அதிகம், அல்லது ஓரத்தில் கை நிற்காமல் ஓடியிருக்கிறது. இதை அண்டர்கட் என்பார்கள். பளு ஏறினால் விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அலைகள் அம்புமுனை மாதிரி கூராக இருந்தால் கை வேகமாகப் போயிருக்கிறது. அகலமாகக் குமிந்திருந்தால் மெதுவாகப் போயிருக்கிறது. சுற்றிலும் கடுகு சிதறியது போல உருண்டைகள் ஒட்டியிருந்தால் ராடைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஊசி குத்தியது போன்ற ஓட்டைகள் என்றால் துரு, எண்ணெய், பெயிண்ட், ஈர ராடு இவற்றில் ஒன்று, அல்லது மறுபடியும் தூக்கிப் பிடித்த ராடு.

ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராட்டின் கம்பிக் கனம் அளவுக்கு இருந்தால் போதும். அதைக் கண்ணால் அளக்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். சரியான இடைவெளியில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் சீராக வரும். தூக்கினால் உஸ்ஸென்று காற்றுச் சத்தமாக மாறிவிடும். நன்றாகச் செய்கிற பெரியவர்கள் பலர் சின்னப் பையன்களுக்கு இதை வாயால் சொல்லித் தருவதே இல்லை. "பார்த்துக் கத்துக்கடா" என்பதோடு சரி. கறுப்புக் கண்ணாடி வழியே எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் எப்படிக் கற்பான்? தீப்பொறியைப் பார்க்கக் கூடாது. அதன் பின்னால் உருகி நிற்கிற குட்டையைப் பார்க்க வேண்டும். அது இரண்டு துண்டுகளின் மீதும் பரவுகிறதா, ஒன்றின் மீது மட்டும் ஏறி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். இந்த ஒன்று தெரிந்தாலே பாதி வேலை திருந்திவிடும்.

கோளாறு வந்தால் எல்லாரும் முதலில் ராடைத் திட்டுவார்கள். "இந்த பாக்கெட் சரியில்லீங்க சார்." சில சமயம் அது உண்மைதான். ஐப்பசி மழையில் பிரித்து வைத்த பாக்கெட் ஈரம் குடித்துவிடும். சாதாரண 6013 ராடு லேசான ஈரத்தைத் தாங்கும். 7018 தாங்காது, அதை வெயிலில் காயவைத்தும் பயனில்லை, அதற்கான அடுப்பு வேண்டும். கேட், பெஞ்சு வேலைக்கு 7018 தேவையும் இல்லை.

ராடுக்கு முன்னால் எர்த் கிளாம்ப்பைப் பார்க்கச் சொல்லுவேன். பெயிண்ட் மேலேயோ துருவின் மேலேயோ கடித்துக்கொண்டிருக்கும். மெஷினை அணைத்துவிட்டுக் கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மின்னோட்டத்தின் வெப்பம் வேலை நடக்கிற இடத்தில் இறங்காமல் அங்கே வீணாகிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஜூல் விதி நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தொடர்பு மோசமான இடத்தில் மின்தடை கூடுகிறது, வெப்பமும் அங்கேதான் கூடுகிறது. அடுத்து வயர். வீட்டு பிளக்கிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் இழுத்து, மிச்சத்தைச் சுருட்டி வைத்திருப்பார்கள். மாலையில் மின்னழுத்தமும் இறங்கினால், மெஷினில் 100 என்று காட்டினாலும் ராடு நுனிக்கு அது வந்து சேராது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஆம்பியரைத் திருப்ப வேண்டும். 2.5 மி.மீ. ராடுக்கு ஏறக்குறைய 60 முதல் 90, 3.15க்கு 90 முதல் 130. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ராடையும் ஆம்பியரையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அறிவியல் ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள், உங்கள் பாடம்தான்.

16 கேஜ் சதுரக் குழாயில் ஓட்டை விழுகிறது என்பது அடிக்கடி வரும் புகார். அதன் கனமே 1.6 மி.மீ. சொச்சம்தான். அதில் 3.15 ராடை வைத்து இழுத்தால் ஓட்டைதான் விழும். மெல்லிய ராடு எடுத்து, விட்டு விட்டுச் சிறு துண்டாகப் போட வேண்டும். ஒரே மூலையை முழுதாக முடிக்கவும் கூடாது. நான்கு மூலையிலும் பாயிண்ட் வைத்து, மூலைமட்டம் பார்த்து, எதிரெதிர் மூலையாக மாறி மாறிப் போட வேண்டும். ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும். கேட் கோணிப்போவது அதனால்தான்.

உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரே வேண்டுமென்பதில்லை. திருச்சி பெல் நிறுவனத்தில் உயர் அழுத்தக் கொதிகலன் குழாய் இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். 1975இல் அங்கே தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நம் மாநிலத்துக்குப் பெருமை. வீட்டுப் பட்டறைக்குச் சுத்தியலே போதும். இரண்டு கழிவுத் துண்டுகளை 'ட' மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் போட்டு ஆறவிடுங்கள். நிற்கும் தகட்டை வெல்டிங் இருக்கும் பக்கமாகவே அடித்து மடக்குங்கள். அடிவேர் திறந்துகொள்ளும். உடைந்த முகத்தில் மூலைவரை இரும்பு கலந்திருக்க வேண்டும். பழைய தகட்டின் நேரான விளிம்பு அப்படியே தெரிந்தால் அங்கே ஒட்டவே இல்லை. மேலே எவ்வளவு அழகாக அலை விழுந்திருந்தாலும் சரி.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறைமுகத்தில், அசையாத நீரில் கட்டி நின்ற ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. முதலில் வெல்டிங்கைத்தான் குற்றம் சொன்னார்கள். அதில் குறை இருந்ததும் உண்மை. ஆனால் குளிரில் நொறுங்கும் எஃகும், விரிசல் தொடங்க வசதியான கூர்மூலை வடிவமைப்பும் சேர்ந்தே காரணம் என்று பிறகு தெரிந்தது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் தகட்டு விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் போட்ட உடலோ ஒரே துண்டு, அதில் விரிசல் நிற்காமல் ஓடிவிட்டது.

இனிச் சொல்வது எல்லா ஆசிரியர்களுக்கும். காலையில் ஒரு மாணவன் கண் சிவந்து, நீர் வடிய, வெளிச்சம் பார்க்க முடியாமல் வந்தால், முந்தைய நாள் வெல்டிங் பக்கத்தில் நின்றானா என்று கேளுங்கள். புற ஊதாக் கதிர் விழிப்படலத்தைச் சுட்டிருக்கும். சுட்ட நேரத்தில் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுஇரவில் மணல் கொட்டியது போல உறுத்தும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். வெல்டிங் போடுபவருக்கு 10ஆம் எண் கண்ணாடி இருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. ஒரு பழைய தகரத்தை மறைப்பாக நிறுத்தினாலே இது தீரும்.

இரண்டாவது, ஜிஐ குழாய். அதன் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ 1500 வேண்டும். அந்த வெள்ளைப் புகையை மூடிய இடத்தில் இழுத்தால் அன்று மாலை குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். பால் குடித்தாலோ வெல்லம் தின்றாலோ அது தடுக்காது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில், காற்று தன் முகத்துக்கு எதிரே வராதபடி நின்று செய்ய வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வரை ஆபத்தான வேலையில் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016 திருத்தம் தந்த விலக்கும் ஆபத்தான வேலைக்குப் பொருந்தாது. பெற்றோரிடம் இதை மிரட்டலாகச் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். "பையனுக்கு ஆர்வம் இருக்குதுங்க. இப்பப் படிக்கட்டும், அப்புறம் முறையாக் கத்துக்கட்டும்" என்றால் கேட்பார்கள். எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேரலாம், ஓராண்டுப் படிப்பு. பத்தோடு நிற்கப்போகிறவனுக்கும் அங்கே இடம் உண்டு.

உங்கள் பள்ளிக்குப் புது பெஞ்சு வந்தாலோ, உடைந்த பெஞ்சைச் சரிசெய்யக் கொடுத்தாலோ, பெயிண்ட் அடிக்கும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கால் சேரும் இடத்தில் கசடு தட்டியிருக்கிறதா, ஓரத்தில் பள்ளம் இருக்கிறதா, சுற்றிலும் போட்டிருக்கிறதா, இரண்டு பாயிண்ட்டோடு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். பட்டறை வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் உங்களுக்கு முன்பே அவர்கள் குறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.