றங்குப்பெட்டிக்குள் இருக்கும் யுத்தம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், ரிவர்ஸ்டனில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறோம். காற்றையும் பனியையும் தவிர வேறெதையும் அறியாத இடம் போல இது தோன்றும். ஆனால் யுத்தம் இந்த மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944இல் மௌண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். மலாயா வீழ்ந்த பிறகு நேச நாடுகளின் இறப்பர் தேவைக்கு இலங்கைத் தோட்டங்களே பெரிய ஆதாரமாயின.

அதன் மிச்சங்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றன. பாட்டனாரின் பதக்கம், பித்தளை ஷெல் கோது, திசைகாட்டி, யாரோ தந்த பழைய கைக்கடிகாரம் என்று றங்குப்பெட்டிக்குள் கிடக்கின்றன. 2009இல் முடிந்த நமது யுத்தம் விட்டுச்சென்றவை வேறு. பெற்றோர் காலமானதும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், வீட்டை விற்று மூட வேண்டியிருக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைகளாகிய நமது கையில்தான் வந்து விழுகிறது. இரண்டு கிழமை லீவில் வந்து, பெட்டியைத் திறந்து, எதை வைப்பது, எதை எறிவது என்று திகைத்து நிற்கிறோம்.

முதலில் செய்ய வேண்டியது ஆபத்தானதைப் பிரிப்பது. ரவை, கைக்குண்டு, மூக்குப் பகுதி கழற்றப்படாத ஷெல் என்று எதைக் கண்டாலும் தொடவோ, துடைக்கவோ, அசைக்கவோ வேண்டாம். எண்பது வருடம் பழையது என்பதால் வெடிக்காது என்று நினைக்கக்கூடாது. வெடிமருந்து பழையதாகும்போது சிலவேளை இன்னும் நிலையற்றதாகிறது. பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு 119க்குச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு நாமாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு, அது தாத்தாவின் ஞாபகமாக இருந்தாலும், சட்டத்துக்கு முன் துவக்குத்தான். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் வெற்றுக் கோதைக்கூட வைக்காதீர்கள். விமான நிலைய ஸ்கேனரில் அதுவும் ரவையாகவே தெரியும்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காலத்து இராணுவக் கடிகாரங்களிலும் திசைகாட்டிகளிலும் இருட்டில் ஒளிரும் இலக்கங்கள் பலவற்றில் ரேடியம் பூசப்பட்டிருந்தது. இப்போது ஒளிராவிட்டாலும் ரேடியம் போய்விடவில்லை. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 வருடங்கள் வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல், சுரண்டாமல், படுக்கையறையில் வைக்காமல் இருங்கள். உதிரும் தூசு உடலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. சந்தேகம் இருந்தால் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையிடம் கேட்கலாம்.

அடுத்தது பெயர். பெயர் எழுதாத இரத்த மாதிரியை எந்த ஆய்வுகூடமும் ஏற்காது. யுத்தப் பொருளும் அப்படித்தான். முதலாம் உலக யுத்தத்தின் பிரித்தானியப் பதக்கங்களில் வீரரின் பெயரும் இலக்கமும் பொறிக்கப்பட்டன. இரண்டாம் யுத்தத்தில் பர்மா நட்சத்திரம் போன்றவற்றைப் பிரித்தானியா பெயர் பொறிக்காமலே வழங்கியது. அந்தப் பதக்கத்தோடு இருக்கும் பழைய கடதாசியை எறிந்துவிட்டால், நமது பாட்டனாரின் பதக்கத்துக்கும் சந்தையில் விற்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ஆகவே பிராசோ போட்டு மினுக்குவதை விட்டுவிட்டு, யார், எந்தப் படைப்பிரிவு, எங்கிருந்து வந்தது, யார் சொன்னது என்று எழுதி உடன் வையுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.

பதக்கம் கிடைக்காதவர்களும் யுத்தத்தைச் சுமந்தார்கள். தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டிய நம் பாட்டிமாருக்கு யாரும் நட்சத்திரம் குத்தவில்லை. அவர்களுடைய பால்வெட்டுக் கத்தியும், 1942இல் வந்த அரிசிப் பங்கீட்டின் கூப்பன் புத்தகமும், சில்லறைக் காசுக்குப் பதிலாக அச்சிட்ட பத்துச் சதத் தாளும் யுத்தச் சின்னங்கள்தாம். பழைய குப்பை என்று முதலில் எரிக்கப்படுபவையும் இவைதாம்.

மூன்றாவதாக, இது உண்மையில் யாருடையது என்று கேட்க வேண்டும். பர்மாவில் இறந்த ஜப்பானிய வீரர்களின் உடைமையிலிருந்து, உற்றார் கையொப்பமிட்ட கொடிகள் வெற்றிச் சின்னமாக எடுத்துவரப்பட்டன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இயங்கும் ஒபோன் சங்கம் அத்தகைய கொடிகளை இன்று அந்தக் குடும்பங்களிடமே சேர்ப்பித்து வருகிறது. எலும்புகூடக் கிடைக்காத வீட்டுக்கு அந்தத் துணி ஒன்றுதான் திரும்பி வருகிறது. காணாமற்போன ஒருவரின் அடையாள அட்டையை, ஒரு கடிதத்தை, ஒரு படத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்மார் நமது நாட்டிலும் இருக்கிறார்கள். எந்தச் சீருடை அணிந்தவருடைய பொருளாக இருந்தாலும், அதற்கு உரிய வீடு ஒன்று இருக்கக்கூடும். அந்த வீட்டைத் தேடிப் பார்க்காமல் விற்பது நியாயமில்லை.

உரியவர் தெரியாவிட்டால், அல்லது வைத்திருக்க மனமில்லாவிட்டால், கதையோடு சேர்த்துக் கொடுங்கள். ஆவணங்களுக்குத் தேசிய சுவடிகள் கூடத் திணைக்களம் இருக்கிறது. கடிதத்தையும் கூப்பன் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டே பிரதியை மட்டும் நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு வழங்கலாம். வைத்திருக்கவே முடியாத அளவுக்கு வலிக்கும் பொருள் என்றால், படமெடுத்து, எழுதி, விட்டுவிடுவதிலும் குற்றமில்லை. எல்லாவற்றையும் சுமப்பது பிள்ளையின் கடமை அல்ல.

பயத்தில் நமது மக்கள் எத்தனையோ படங்களை எரித்தார்கள், புதைத்தார்கள். அவற்றை இனி மீட்க முடியாது. மிஞ்சியிருப்பதற்காவது பெயர் எழுதுவோம். பெட்டியின் கதை தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. இந்த மலரை வாசிக்கும் தங்கைமார், லண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், இந்தக் கிழமையே அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ தொலைபேசி எடுத்து, அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.